பிட் வீடியோக்களை அகற்றும் சேவைகள்: முதல் படமே சர்ச்சையான நடிகைக்கு எது உதவும், எது உதவாது

முதல் படத்திலேயே நெருக்கமான காட்சியில் நடித்த புதுமுக நடிகை, அந்தக் காட்சி மட்டும் தனியே வெட்டப்பட்டுச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வழி கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ‘ஸ்டாப் என்சிஐஐ தளத்தில் பதிவு பண்ணுங்க.’ சம்மதமின்றிப் பரவும் அந்தரங்கப் படங்களைத் தடுக்கும் நல்ல சேவை அது, இலவசம், நம்பலாம். ஆனால் திரைக்கு வந்த படத்திலிருந்து வெட்டிய வீடியோவுக்கு அது ஏறக்குறைய உதவாது. அதை மட்டும் நம்பி இரண்டு வாரம் காத்திருந்தால், அந்த இரண்டு வாரமும் பிட்டை ஏற்றுகிறவர்களுக்குத்தான் லாபம்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. வெளியான படத்தில் உள்ள காட்சி ஒரு வகை. படத்தில் வராத, படப்பிடிப்புத் தளத்தில் யாரோ கைபேசியில் எடுத்த, அல்லது டெமோவுக்காக எடுத்த காட்சி இன்னொரு வகை. முகத்தை ஒட்டிச் செய்த போலி மூன்றாவது. யாரோ ஒரு பெண்ணின் வீடியோவுக்கு நடிகையின் பெயரை மட்டும் தலைப்பாக வைப்பது நான்காவது. பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றுபோலத் தெரியும். சேவைகளுக்கோ, சட்டத்துக்கோ அப்படி இல்லை. புகார்கள் தள்ளுபடியாவதற்கு முக்கியமான காரணம், முதல் வகைத் துண்டுக்கு இரண்டாம் வகைப் படிவத்தை நிரப்புவதுதான்.

எதை நிரப்புவதற்கு முன்பும் ஆதாரத்தை எடுத்து வையுங்கள். தள முகவரி முழுதாகத் தெரியும்படி திரைப்பிடிப்பு, ஏற்றியவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம், முடிந்தால் பார்வை எண்ணிக்கை. சேனலின் முகப்பு முகவரி போதாது. ஒவ்வொரு வீடியோவின் தனி முகவரியும் வேண்டும். பின்னால் வழக்கு என்று போனால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீட்டையும், குறிக்க வேண்டும். ஆகவே இறக்கிய கோப்பைப் பெயர் மாற்றினாலும் பரவாயில்லை, திறந்து வெட்டவோ வேறு வடிவத்துக்கு மாற்றவோ கூடாது. ஒரே ஒரு விலக்கு: காட்சி எடுக்கப்பட்டபோது நடிகைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், உதவ வந்தவர்களும் தங்கள் கைபேசியில் சேமிக்கக் கூடாது. போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவு அதையே குற்றமாகப் பார்க்கும். முகவரியை மட்டும் எழுதி வையுங்கள்.

இனி ஸ்டாப் என்சிஐஐ. பிரிட்டனின் எஸ்டபிள்யூஜிஎஃப்எல் என்ற அறக்கட்டளை 2021 டிசம்பரில் மெட்டாவோடு சேர்ந்து தொடங்கியது. இதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கைபேசியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு ஹாஷ், அதாவது எண்ணும் எழுத்துமான ஒரு கைரேகை, உருவாகும். அந்தக் கைரேகை மட்டும்தான் வெளியே போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட், ஸ்னாப்சாட், பம்பிள் போன்ற பங்கேற்பு நிறுவனங்கள் தங்கள் தளத்தில் அதே கைரேகை உள்ள படம் வந்தால் ஆராய்ந்து, விதிக்கு முரணானால் நீக்கும். அந்தரங்கப் படத்தை இன்னொரு அந்நியர் கையில் கொடுத்து ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்று கெஞ்ச வேண்டியதில்லை என்பது சாதாரண நிம்மதி இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வடிவமைப்பைப் பாராட்ட வேண்டும்.

பதிவு செய்வது கடினம் இல்லை. படத்தில் இருப்பது நீங்கள்தானா, எடுத்தபோது 18 வயது ஆகியிருந்ததா, இப்போது 18 ஆகிவிட்டதா, படம் உங்களிடம் இருக்கிறதா என்று கேள்விகள் வரும். அடுத்து கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஹாஷ் உருவாகும், ஒரு வழக்கு எண் கிடைக்கும், நீங்கள் ஒரு பின் எண் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் தாளில் எழுதி வையுங்கள். தொலைத்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. புதிதாகத்தான் பதிய வேண்டும். எடுத்தபோது 18 நிறையவில்லை என்றால் அந்தத் தளம் உங்களை அமெரிக்காவின் என்சிஎம்இசி என்ற குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் ‘டேக் இட் டவுன்’ சேவைக்கு அனுப்பும். அதுவும் ஹாஷ் முறைதான்.

எங்கே சறுக்குகிறது என்று சொல்ல வேண்டுமானால் கைரேகையின் உள்ளே போக வேண்டும். புகைப்படத்துக்கு அவர்கள் பயன்படுத்துவது பிடிக்யூ என்ற முறை. 256 பிட் நீளம் (இங்கே பிட் என்பது கணினியின் 0, 1 இலக்கம்). இரண்டு படங்களின் கைரேகையில் 31 பிட் வரை வேறுபாடு இருந்தாலும் ஒரே படம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அதை உருவாக்கியவர்களின் பரிந்துரை. அதனால் அளவைச் சுருக்கினாலும், தரம் குறைந்தாலும், லேசாக நிறம் மாறினாலும் பிடித்துவிடும். ஆனால் பாதியாக வெட்டினால், இடம் வலம் மாற்றிக் கண்ணாடிப் பிம்பமாக்கினால், சாய்த்தால் பிடிபடாது. தம்ப்நெயில் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதே இதைத்தான்: முகத்தை மட்டும் வெட்டி ஓரத்தில் வைத்து, சிவப்பு வட்டம் போட்டு, எழுத்தை ஒட்டுவது.

வீடியோவில் நிலைமை இன்னும் மோசம். அதற்குப் பயன்படுவது எம்டி5 என்ற வேறு ஹாஷ் முறை. கோப்பில் ஒரு பைட் மாறினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். முன்னால் அரை நொடியை வெட்டினாலோ, மூலையில் சேனல் முத்திரையைப் பதித்தாலோ, வேறு தரத்தில் ஏற்றினாலோ அது புதுக் கோப்பு. படத்துண்டு விஷயத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாங்களே வெட்டுகிறார்கள். ஒரே காட்சிக்கு ஐம்பது எம்டி5 இருக்கும். இதனால்தான் வீடியோவை ஒரு முறை பதிந்துவிட்டு ‘ஏன் இன்னும் போகவில்லை’ என்று காத்திருப்பது வீண். பயனுள்ள வழி ஒன்று உண்டு. சுற்றில் இருக்கும் கோப்புகளை அப்படியே இறக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஹாஷ் செய்யுங்கள். கூடவே காட்சியிலிருந்து பத்துப் பதினைந்து நிலைப்படங்களை எடுத்து, நேராகவும் இடம் வலம் மாற்றியும் முகத்தருகே வெட்டியும் புகைப்படமாகப் பதியுங்கள். வீடியோ தப்பினாலும் நிலைப்படங்கள் மாட்டும். அந்தரங்கம் தெரியாத வெறும் முகப் படத்தைப் பதிய வேண்டாம். அது இந்தச் சேவையின் வரம்புக்குள் வராது.

வாட்ஸ்அப் தனி உரையாடலில் இதற்கு எந்த வேலையும் இல்லை. செய்தி முனைக்கு முனை பூட்டப்பட்டுச் செல்வதால் நிறுவனமே உள்ளே பார்க்க முடியாது. வந்த செய்தியை அழுத்திப் புகார் செய்தால் அந்தச் செய்தி நிறுவனத்துக்குப் போகும், அவ்வளவுதான். பங்கேற்காத ஆபாசத் தளங்களுக்கும் ஹாஷ் போகாது.

ஆகவே என் மதிப்பீடு: படத்தில் வராத காட்சி, கசிந்த புகைப்படம், போலிப் படம் ஆகியவற்றுக்கு ஸ்டாப் என்சிஐஐ அவசியம், முதல் நாளே செய்ய வேண்டியது. வெளியான படத்தின் காட்சிக்கு இரண்டாம்பட்சம். சம்மதத்தோடு நடித்து வெளியான காட்சியை ‘சம்மதமின்றிப் பகிர்ந்த அந்தரங்கப் படம்’ என்று ஏற்பார்களா என்பது ஒவ்வொரு தளமும் தனித்தனியாக எடுக்கும் முடிவு.

படத்தில் வராத காட்சி என்ற இரண்டாம் வகைக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2021 ஆகஸ்ட் 23ஆம் தேதி உத்தரவு எல்லா நடிகைகளும் அறிந்திருக்க வேண்டியது. வங்காளத் திரைத்துறை நடிகை ஒருவர், பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது, இணையத் தொடர் ஒன்றில் முதன்மை வேடம் என்ற வாக்குறுதியில் டெமோவுக்காக ஆடையின்றி நடித்தார். தொடர் எடுக்கப்படவே இல்லை. 2020 டிசம்பரில் அந்தக் காட்சிகள் தயாரிப்பாளரின் யூடியூப் சேனலிலும் தளத்திலும் இருப்பதைப் பார்த்தார். கேட்டதும் தயாரிப்பாளர் நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் மற்றவர்கள் இறக்கி, ஆபாச வாசகங்களை மேலே ஒட்டி மறுபடி ஏற்றினார்கள். முகம் தெரியாதவர்களிடமிருந்து தொலைபேசி அழைப்புகள், வாய்ப்புக் கெடுதல், எல்லாம் தொடர்ந்தன. நீதிபதி ஆஷா மேனன், தனித்து விடப்படவும் மறக்கப்படவும் அவருக்கு உரிமை உண்டு என்று ஏற்று இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். விரும்பித்தான் நடித்தார் என்பது அதற்குத் தடையாகவில்லை. புகார் எழுதும்போது இந்த உத்தரவைத் தேதியோடு குறிப்பிடுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின் விளக்கமும் இதே திசையில்தான் பேசுகிறது: படமெடுக்கச் சம்மதித்தவர் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம்.

அடுத்து கூகுள். நடிகையின் பிற்கால வாழ்க்கையை உண்மையில் அரிப்பது தேடல் பக்கம்தான். இரண்டாம் படத்துக்கு அழைக்கப்போகும் இயக்குநரும், வீடு வாடகைக்குக் கொடுப்பவரும், பெண் பார்க்க வருபவரும் முதலில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். கூகுளில் இதற்கு மூன்று வகைக் கோரிக்கைகள் உண்டு: சம்மதமின்றி வெளியான அந்தரங்கப் படத்துக்கு ஒன்று, போலி ஆபாசப் படத்துக்கு ஒன்று, தொடர்பே இல்லாத ஆபாசப் பக்கங்கள் தன் பெயரில் வருவதற்கு ஒன்று. மேலே சொன்ன நான்காம் வகைக்கு இந்த மூன்றாவது கோரிக்கைதான் மருந்து. ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. 2024 ஜூலை முதல் ஒரு கோரிக்கை ஏற்கப்பட்டால் அதே படத்தின் நகல்களையும் தேடிப் பிடித்து நீக்குகிறார்கள், அந்தப் பெயருக்கான தேடலில் ஒத்த ஆபாச முடிவுகளையும் வடிகட்டுகிறார்கள். இது பெரிய முன்னேற்றம்.

குறைகள் இரண்டு. தேடலிலிருந்து மட்டும்தான் போகும், பக்கம் அதே இடத்தில் இருக்கும். இன்னொன்று, அந்த உள்ளடக்கத்துக்காக இப்போது பணம் பெறுகிறீர்களா என்ற நிபந்தனை. சம்பளம் வாங்கி நடித்து ஓடிடியில் ஓடிக்கொண்டிருக்கும் படக்காட்சியை முதல் கோரிக்கையில் போட்டால் இங்கேதான் அடிபடும். தேடல் பெட்டியில் பெயருக்குப் பின்னால் ‘ஹாட்’ என்று தானாக வருவதற்கு வேறு வழி: பரிந்துரைகளின் கீழே ‘பொருத்தமற்ற கணிப்புகளைப் புகாரளி’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை அழுத்தி, எந்தச் சொல் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது முதல் வகை, அதாவது வெளியான படத்தின் காட்சி. இங்கே வேகமான ஆயுதம் பதிப்புரிமை. அது நடிகையின் கையில் இல்லை, தயாரிப்பாளரின் கையில் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவு, எழுத்து ஒப்பந்தத்தில் சம்மதித்துப் படத்தில் நடித்தவர், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் படத்தைத் தயாரிப்பாளர் அனுபவிப்பதைத் தடுக்க முடியாது என்கிறது. 2012 திருத்தம் சேர்த்த 38பி பிரிவு, நடிப்பைச் சிதைத்து நற்பெயருக்குக் கேடு செய்தால் தடுக்க நடிகருக்கு உரிமை தருகிறது. ஆனால் நேர அளவுக்காக வெட்டுவது மட்டும் சிதைப்பு ஆகாது என்று விளக்கமும் அங்கேயே இருக்கிறது. ஆபாச வாசகம் ஒட்டுவது, வேகத்தைக் குறைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, வேறு பாடலைச் சேர்ப்பது ஆகியவற்றை 38பியின் கீழ் வலுவாக வாதிடலாம்.

‘மாறான ஒப்பந்தம் இல்லாதவரை’ என்ற அந்தச் சொற்றொடரைப் படம் ஒப்புக்கொள்ளும்போதே பிடித்துக்கொள்ள வேண்டும். நெருக்கமான காட்சி உள்ள படத்தின் ஒப்பந்தத்தில் குறைந்தது இவை இருக்க வேண்டும்: அந்தக் காட்சியைத் தனித்துணுக்காக விளம்பரத்துக்கோ சேனலுக்கோ பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தாத பதிவுகள் எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும், மூன்றாம் நபர் ஏற்றினால் இத்தனை மணி நேரத்துக்குள் தயாரிப்பாளர் நீக்கல் புகார் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அனுப்பும் அதிகாரம் நடிகையின் பிரதிநிதிக்கு உண்டு. கடைசி வரி இல்லாததால்தான் பல நடிகைகள் தயாரிப்பு அலுவலகத்தின் வாசலில் காத்து நிற்கிறார்கள். பட விளம்பரம் நடக்கும் வாரத்தில் பிட் சுற்றுவதைச் சில தயாரிப்பாளர்கள் நஷ்டமாகவே பார்ப்பதில்லை. அது அநியாயம். ஒப்பந்தத்தில் வரி இருந்தால்தான் அந்த அநியாயத்தைக் கேட்க முடியும்.

தயாரிப்பாளர் ஒத்துழைத்தால் யூடியூபில் வேலை எளிது. உரிமையாளரின் படத்தைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பட உரிமை பதிவாகியிருந்தால், அந்தக் காட்சிப் பகுதிக்குக் கொள்கையைத் ‘தடை’ என்று வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ‘வருமானம்’ என்று வைத்திருக்கும். பிட் ஓடும், காசு தயாரிப்பாளருக்குப் போகும். இதைக் கேட்டு உறுதிசெய்யாவிட்டால் மாதக்கணக்கில் தெரியாது. தனிப் படிவத்தில் புகார் செய்தால் ‘நகல்களைத் தடு’ என்ற பெட்டியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 90 நாளில் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை விழுந்தால் சேனல் மூடப்படும். நடிகையே செய்யக்கூடியது யூடியூபின் தனியுரிமைப் புகார். அதில் ஏற்றியவருக்குத் தகவல் போய், தானே நீக்க 48 மணி நேரம் கொடுக்கப்படலாம். பழிவாங்கும் ஆள் என்றால் அந்த நேரத்தில் இன்னும் நான்கு இடத்தில் ஏற்றுவார். அப்படிப்பட்டவருக்கு இந்த வழி வேண்டாம்.

இந்தியச் சட்டப்படி அனுப்பும் புகாருக்கு 2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதி. எழுத்துப்பூர்வப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் இடைநிலை நிறுவனம், அதாவது வீடியோ இருக்கும் தளம், அணுகலைத் துண்டிக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் காட்டாவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். போய்விட்டது என்று நிம்மதியாக இருந்த பிட் மூன்று வாரம் கழித்து அதே முகவரியில் மீண்டும் தோன்றுவதற்கு இதுதான் காரணம். கூகுளுக்கு அனுப்பும் பதிப்புரிமைப் புகாரின் நகல் லூமென் என்ற பொதுத் தரவகத்துக்குப் போகிறது. ஆகவே புகாரின் விவரத்தில் நடிகையின் இயற்பெயரையோ காட்சியின் வர்ணனையையோ எழுதாதீர்கள். படத்தின் பெயரும் நேரக்குறிப்பும் போதும்.

திரையரங்கில் கைபேசியில் எடுத்தது என்றால் 2023ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம் இருக்கிறது. மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவின் 5 சதவீதம் வரை அபராதம். 2023 நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தணிக்கை வாரியமும் சேர்த்து 12 பொறுப்பு அதிகாரிகளை நியமித்தன; 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு. உரிமையாளர் அல்லாதவரும் புகார் தரலாம், ஆனால் விசாரித்த பிறகே உத்தரவு வரும். தயாரிப்பாளர் கைவிட்ட நிலையில் இது மதிப்புள்ள வழி.

மற்ற எல்லாவற்றுக்கும் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் 3(2)(பி). முழுதாகவோ பகுதியாகவோ ஆடையின்றிக் காட்டும் படம், மார்ஃபிங் செய்த படம் இரண்டும் இதில் வரும். பாதிக்கப்பட்டவருக்காக வேறு யாரும் புகார் செய்யலாம். விதி வந்தபோது கெடு 24 மணி நேரம். மின்னஞ்சலின் தலைப்பிலேயே இந்த விதி எண்ணை எழுதி, நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். செயலியில் உள்ள பொதுவான ‘ரிப்போர்ட்’ பொத்தானை அழுத்துவது இந்த விதியின் கீழ்ப் புகார் என்று கணக்கில் வரும் என நம்ப வேண்டாம். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூலையில் பெண் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கப் படங்கள் பரவிய வழக்கில், நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்தில் அகற்ற மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். அதன் தொடர்ச்சியாக அந்த ஆண்டு நவம்பரில் அமைச்சகம் செயல்முறை வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஒன் ஸ்டாப் சென்டர் எனப்படும் பெண்களுக்கான உதவி மையங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளம், காவல் நிலையம், நேரடியாக நிறுவனம் என்று நான்கு வழிகளும் அதில் உண்டு. சைபர் தளத்தில் பெயர் சொல்லாமல் புகார் செய்யும் வசதி இருக்கிறது, ஆனால் அப்படிச் செய்தால் நிலையைப் பின்தொடர முடியாது. நடிகைக்கு ‘புகார் செய்து பின்தொடர்’ என்பதே ஏற்றது. 1930 எண் முக்கியமாகப் பணமோசடிக்கானது; பெண்களுக்கான உதவி எண் 181.

பணம் வாங்கிக்கொண்டு ‘நூறு சதவீதம் நீக்குவோம்’ என்று அணுகும் நிறுவனங்கள் செய்வதும் பெரும்பாலும் மேலே சொன்ன படிவங்களை நிரப்புவதுதான். சில, தங்களையே பட உரிமையாளர் என்று பொய்யாகச் சொல்லிப் பதிப்புரிமைப் புகார் அனுப்புகின்றன. எதிர்ப்புப் புகார் வந்தால் மாட்டிக்கொள்வது நடிகையின் பெயர். முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். அசல் கோப்புகளைக் கேட்டால் கட்டாயம் விட்டுவிடுங்கள்.

ஓடிடி தேதி கடைசி, ஆனால் மிக முக்கியம். திரையரங்கில் எடுத்தது மங்கலாக இருக்கும். ஓடிடியில் வந்த மறுநாள் தெளிவான பிரதி கிடைத்துவிடும். இரண்டாவது அலை முதலாவதைவிடப் பெரிதாக வரும். தமிழ்ப் படங்கள் பலவும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வருவதால் அதற்குள் தயாராக வேண்டும். தயாரிப்பாளரின் அதிகாரக் கடிதம், கன்டென்ட் ஐடியில் ‘தடை’, நிரப்பி வைத்த படிவங்கள் எல்லாம் முந்தைய நாளே கையில் இருக்கட்டும். முதல் பத்து நாள் காலையும் மாலையும் தேட ஓர் ஆள் வேண்டும். மொழிமாற்றம் இருந்தால் தெலுங்கு, இந்தி எழுத்திலும் பெயரைத் தேட வேண்டும். அந்த ஆள் நடிகையாக இருக்கக் கூடாது. அக்காவோ, மேலாளரோ, நம்பிக்கையான தோழியோ பார்த்து, முகவரி, தேதி, எந்தப் படிவம், என்ன பதில் என்று ஒரு நோட்டில் நான்கு கட்டமாக எழுதி வரட்டும். நடிகைக்குக் காட்ட வேண்டியது அந்த நோட்டை மட்டும்.